அப்பா எடுத்துப்போன காலண்டர்

1

பனியைப் பற்றி எழுதுங்கள் என்று பத்திரிகை ஆசிரியர் கடிதம் போட்டிருந்தார். பனியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? கொட்டும். அள்ளிப் போட வேண்டும். அள்ளி முடித்துக் கையைத் துடைப்பதற்குள் மறுபடியும் கொட்டும். போடியில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதில் ஒரு அழகும் தெரிவதில்லை. இடுப்பு வலிதான் தெரிகிறது.

நான் அமெரிக்காவில் இந்த க்ளீவ்லாண்டுக்கு வந்து இந்த மாதத்தோடு பதினைந்து வருஷம். வேலை, கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுவது. ஊரில் இதைச் சொன்னால் ஏதோ ராக்கெட் விடுகிறவன் என்று நினைக்கிறார்கள். ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் யாரோ ஒரு புண்ணியவான் பத்து வருஷத்துக்கு முன்னால் தப்பும் தவறுமாக எழுதி வைத்துவிட்டு ஓடிப்போன புரோகிராமை வரி வரியாகப் படித்து, எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்துகிறவன் நான். அதுதான் என் பிழைப்பு. அடுத்தவன் செய்த தப்பைத் திருத்துவது.

இதிலும் ஒரு விசேஷம். நான் எந்தக் கம்பெனியிலும் இல்லை. தனி ஆள். கூப்பிட்ட இடத்துக்குப் போவேன், மூன்று மாதம், மிஞ்சினால் ஆறு மாதம். 'கன்சல்டன்ட்' என்று அட்டை அடித்து வைத்திருக்கிறேன். அந்த வார்த்தை கேட்க நன்றாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும்.

ஆசிரியர் கேட்டது பனி. நான் எழுதப்போவது ஒரு காலண்டரைப் பற்றி. வேண்டாம் என்றால் குப்பையில் போட்டுவிடட்டும்.

2

முதலில் இந்த வேலையின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஆபீஸுக்குள் நுழைந்ததும் சட்டையில் ஒரு அட்டை குத்துவார்கள். சம்பளக்காரர்களுக்கு நீல அட்டை, போட்டோவோடு. எனக்குச் சிவப்பு அட்டை, 'விருந்தாளி' என்று எழுதியது. ஒரே ஆபீஸில் ஆறு மாதம் விருந்தாளியாக இருந்திருக்கிறேன். மாமியார் வீட்டில்கூட அத்தனை நாள் விருந்தாளியாக யாரையும் வைத்திருக்கமாட்டார்கள். நாற்காலி, பிரிண்டர் அறைக்குப் பக்கத்தில். நாள் முழுக்க அது கதறும். கிறிஸ்துமஸ் விருந்து நடக்கும்போது நீலம் எல்லாம் மாடிக்குப் போய்விடும், சிவப்பு மட்டும் உட்கார்ந்து வேலை பார்க்கும்.

வேலை பிடித்துக் கொடுக்க ஒரு ஏஜென்ட். அவன் போன் அடித்தால் சோறு. எனக்கு இருபது வருஷ அனுபவம். பம்பாயில் கம்ப்யூட்டருக்கு அட்டையில் ஓட்டை போட்டுப் பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டு ஓடிய காலத்திலிருந்து இதே தொழில். இப்போது மீசை முளைக்காத ஒரு மேனேஜர் என்னை எதிரில் உட்காரவைத்து, 'உங்களுக்கு இது தெரியுமா, அது தெரியுமா' என்று கேட்கிறான். தெரியும் ராசா, நீ தொட்டிலில் கிடந்தபோதே தெரியும். சொல்ல முடியுமா? சிரித்துக்கொண்டு தலையாட்ட வேண்டும்.

இந்த நாட்டில் எந்தக் காகிதத்தை எடுத்தாலும் அதில் 'வேலை கொடுத்தவர் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கும். பாங்க், டாக்டர், வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எல்லாவற்றிலும். அந்தக் கட்டத்தில் என் பெயரையே எழுதினால் கவுண்டரில் இருப்பவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். என் மகள் கவிதாவுக்குப் பதின்மூன்று வயது. அவள் பள்ளிக்கூடத் தாளில் அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிடுகிறாள். ஏன் என்று கேட்டேன். "நீங்க இந்த மாசம் எங்கே இருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று இங்கிலீஷில் பதில் சொன்னாள். கேட்டது தமிழில்.

என் மனைவி லலிதா ஜெயமங்கலத்துக்காரி, விவசாயக் குடும்பம். அவள் சொல்லுவாள், "எங்க ஊருல வயல் வேலைக்கு ஆள் கூப்புட வாறவுககூட முந்தின நாளு பொழுது சாயுறதுக்குள்ள வந்து சொல்லிருவாக. ஒங்க ஏஜென்ட் ஞாயித்துக்கெழம ராத்திரி சொல்றான், திங்கக்கெழம வேல இல்லேன்னு." சரியாகத்தான் சொல்லுகிறாள்.

பிறகு எதற்குக் கம்பெனி வேலையை விட்டாய் என்று கேட்பீர்கள். வந்த புதிதில் நானும் நீல அட்டைக்காரன்தான். பெரிய கம்பெனி. நாலு வருஷம் இருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்களை எல்லாம் மேலே ஏற்றினார்கள், நான் வேலை பழக்கிவிட்ட பையன் எனக்கே மேனேஜர் ஆனான். ஒருநாள் கோபத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அது பதினோரு வருஷத்துக்கு முந்தி. கோபம் ஒருநாளில் தீர்ந்தது. அதற்கப்புறம் ஊருக்குச் சொன்ன பொய்தான் தீரவில்லை.

3

என் அப்பா குருசாமி, போடியில் ஏலக்காய்த் தரகர். கடை கிடையாது, போர்டு கிடையாது. மலையிலிருந்து இறங்குகிற சரக்கை வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் நிற்கிறவர். மண்டி வாசலில் துண்டைக் கைமேல் போட்டு, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பிடித்த விரலை விட்டால் பேச்சு முடிந்தது. எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. "வெரலப் பிடிச்சா பிடிச்சதுதான்" என்பார் அப்பா.

ஒரு தடவை சரக்கைச் சரியாகப் பார்க்காமல் விரலைக் கொடுத்துவிட்டார். மறுநாள் மூட்டையைப் பிரித்தால் பாதி பிஞ்சு. விற்றவரே நல்ல மனுஷர், "குருசாமிண்ணே, வெலய மாத்திச் சொல்லிருங்க, நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன்" என்றார். அப்பா மாற்றவில்லை. நஷ்டத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அந்தத் தீபாவளிக்கு எனக்கும் தங்கைக்கும் புதுத்துணி இல்லை. அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள், "வாக்கு மட்டும்தான் இவருக்கு இருக்கிற சொத்து, அதையும் வித்துட்டா என்ன பண்ணுவாரு" என்று அவளே சமாதானம் ஆனாள்.

என்னை மதுரைக்குக் காலேஜுக்கு அனுப்பும்போது பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னார். "ஏலே ராசு, இந்தத் தரகு எம்மோட போகட்டும். நாலு கட வாசல்ல போயி நிக்கிற பொழப்பு. வந்தா உண்டு, வராட்டி இல்ல. நீ மாசம் பொறந்தா சம்பளம் வாங்குறவனா இரு. ஒரு கூரைக்குக் கீழ இரு."

அப்படிச் சொன்ன மனுஷரிடம் எப்படிச் சொல்லுவேன், கம்பெனியை விட்டுவிட்டேன், நாலு வாசலில் நிற்கிறேன் என்று? அந்தச் சமயம் தங்கைக்கு அல்லிநகரத்தில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். 'அண்ணன் அமெரிக்காவில் இன்ன கம்பெனியில்' என்பதுதான் பெரிய பேச்சு. கல்யாணம் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். கல்யாணம் முடிந்தது. சொல்லவில்லை.

கம்பெனியில் இருந்த முதல் வருஷமே ஒரு காலண்டர் அனுப்பியிருந்தேன். மாதத்துக்கு ஒரு தாள், வழவழவென்று, கீழே கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில். அப்பா அதைத் தான் வழக்கமாக நிற்கிற மண்டியின் சுவரில் மாட்டினார். வருகிறவர், போகிறவர் எல்லாருக்கும் காட்டினார். பழைய காலண்டரைக் கழற்றமாட்டார், அதே ஆணியில் அதன் மேலேயே புதுசை மாட்டுவார். வேலையை விட்ட பிறகு காலண்டர் நின்றுபோனால் கேள்வி வரும். எனவே ஒவ்வொரு டிசம்பரிலும் அங்கே இன்னும் வேலை பார்க்கிற பழைய சிநேகிதன் ஒருவனுக்குப் போன் போட்டு, கெஞ்சி, ஒரு காலண்டர் வாங்கி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். பதினோரு டிசம்பர். கேவலமான வேலைதான். ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று நினைத்துக்கொள்வேன்.

ஊருக்குப் போகவும் முடியவில்லை. ஒரு மாதம் போனால் வேலை வேறு ஆளிடம் போய்விடும். 'கம்பெனியில் லீவு தரவில்லை' என்று எழுதுவேன். அம்மா இறந்தபோதும் அப்படித்தான். கொள்ளி வைக்கத்தான் வர முடியாது, பதினாறுக்காவது வா என்று தந்தி வந்தது. லீவு கிடைக்கவில்லை என்று பதில் தந்தி கொடுத்தேன். அது ஆறு வருஷத்துக்கு முன்னால்.

அதற்கப்புறம் எனக்கு ஒரே ஒரு ஆசைதான். நான் போக முடியாவிட்டாலும் அப்பாவை ஒரு தடவை இங்கே கூட்டிவந்து, மூன்று மாதமாவது உடன் வைத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு எழுபத்தொன்று ஆகிவிட்டது. இனிமேல் தள்ளிப்போட நாள் இல்லை.

4

இந்த வருஷம்தான் சம்மதித்தார். கவிதாவின் அறையை அவருக்கு ஒதுக்கினோம். அவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளே தன் படங்களை எல்லாம் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, "தாத்தா எப்போ வரும்?" என்று கேட்டாள். 'வருவார்' என்று சொல்லு என்றால், "ஒரே தாத்தாதானே வருது, அதுக்கு ஏன் 'ஆர்'?" என்கிறாள். எதையாவது பேசினாளே என்று விட்டுவிட்டேன்.

விசாவுக்கு வேண்டிய காகிதங்களை நான் தயார் பண்ணினேன். அதில் பொய் எழுத முடியாது. 'சொந்தத் தொழில்' என்றுதான் எழுதி, கணக்குக் காகிதம் எல்லாம் வைத்தேன். அப்பாவுடன் மெட்ராஸ் போகிறவர் தங்கை கணவர் சீனிவாசன், பள்ளிக்கூட வாத்தியார். அவர் இங்கிலீஷ் படிப்பவர். பிரித்துப் படித்துவிடுவாரே என்று கவரை நன்றாகப் பசை போட்டு ஒட்டி, மேலே 'பிரிக்காமல் கொடுக்கவும்' என்று எழுதினேன். காகிதத்தைப் பார்த்து முத்திரை குத்தப்போகிறார்கள், வயதான மனுஷரிடம் என்ன கேட்டுவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். எந்த வழியில் வந்தாலும் இடிக்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதுகிற தொழில் என்னுடையது. அந்த ஒரு வழியை யோசிக்கவில்லை.

போடியிலிருந்து மதுரைக்கு ரயில். அங்கிருந்து ராத்திரி ரயிலில் எழும்பூர். காலையில் ஐந்து மணிக்கே அமெரிக்கத் தூதரக வாசலில் வரிசையில் நின்றிருக்கிறார்கள். அங்கே நடந்ததை மாப்பிள்ளை மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தார்.

"மச்சான், மாமா கிளம்பும்போதே மண்டிச் சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றிச் சுருட்டி, துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எதற்கு மாமா என்றால், 'வெறும் வாயால சொன்னா வெளியூர்க்காரக நம்புவாகளா, ஒரு அத்தாட்சி வேணும்ல' என்றார்" என்று ஆரம்பித்திருந்தது கடிதம்.

உள்ளே கூப்பிட்டதும் விசா அதிகாரி இங்கிலீஷில் கேட்டாராம். பக்கத்தில் இருந்த தமிழ்க்காரர் அதைச் சொன்னாராம்.

"பெரியவரே, மகன் எங்கே வேலை பார்க்கிறார்?"

அப்பா காலண்டரை மேஜைமேல் விரித்துக் கம்பெனியின் பெயரில் விரலை வைத்தாராம். "இந்தக் கம்பெனிதாங்க. பதினஞ்சு வருசமா ஒரே எடம். பெத்தவ செத்ததுக்குக்கூட லீவு குடுக்கலைங்க, அம்புட்டுக் கண்டிப்பான கம்பெனி."

அதிகாரி கவருக்குள் இருந்த காகிதத்தைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். தமிழ்க்காரர் மெதுவாகச் சொன்னார். "காகிதத்துல வேற மாதிரி இருக்கே பெரியவரே."

"அப்ப காகிதம் தப்பா இருக்கும்" என்றாராம் அப்பா.

விசா இல்லை. மகன் எழுதியதும் தகப்பன் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. 'முன்பு நான் அளித்த தகவல் சரியல்ல' என்று விண்ணப்பதாரர் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால் மறுபடி பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"வெளியே வந்ததும் மாமா காலண்டரை மறுபடி அதே துண்டில் சுற்றினார். ரயிலில் ஊர் வரைக்கும் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்" என்று முடித்திருந்தார் மாப்பிள்ளை.

5

இனி மறைக்க வழியில்லை. மண்டி நம்பருக்கு டிரங்க் கால் புக் பண்ணி, நாலு மணி நேரம் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கிடைத்தபோது அங்கே காலை வியாபாரம். பின்னால் சத்தம். நான் கத்த வேண்டியிருந்தது. பதினோரு வருஷ ரகசியத்தைக் கத்திச் சொல்ல வேண்டிய தலையெழுத்து.

"அப்பா, நான் அந்தக் கம்பெனிய விட்டு பதினோரு வருசம் ஆச்சு."

"என்னது?"

மறுபடியும் கத்தினேன்.

"இப்ப யாருகிட்ட இருக்க?"

"யாருகிட்டயும் இல்லப்பா. கூப்புட்ட எடத்துல போயி பாக்குறேன். மூணு மாசம் ஒரு எடம், ஆறு மாசம் ஒரு எடம்."

"அப்ப தரகுதான்."

"தரகு இல்லப்பா, கன்சல்டன்ட்டுன்னு..."

"நாலு வாசல்ல நிக்கிறது தரகுதாண்டா."

அதில் கோபம் இல்லை. நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு தாள் வரும், கையெழுத்து மட்டும் போடுங்கள், இந்த முறை கண்டிப்பாக விசா கிடைத்துவிடும் என்றேன். "ஆளுக நிக்கிறாக, வெச்சிர்றேன்" என்று வைத்துவிட்டார்.

தாளை டைப் அடித்து அனுப்பினேன். 'முன்பு நான் கூறியது உண்மையல்ல.' கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தேன். லலிதா அதைப் பார்த்துவிட்டு, "பொய் சொன்னேன்னு மாமாவே எழுதித் தரணுமாக்கும்?" என்றாள்.

"அது ஒரு சம்பிரதாயம். எல்லாரும் செய்யுறதுதான்" என்றேன்.

"எல்லாரும் செய்வாக. அவுக செய்வாகளா?"

எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு கையெழுத்து. ஒரே ஒரு கையெழுத்துப் போட்டால் அடுத்த மாதம் அவர் இந்த வீட்டில் இருப்பார். அதைப் போட என்ன வந்தது என்று நாலு நாள் வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன்.

6

பதில் வந்து இன்றோடு ஒன்பது நாள். தடித்த கவர். பிரித்தால் நான் அனுப்பிய தாள் அப்படியே இருந்தது. பென்சில் கோடு காலி. அதைச் சுற்றி நாலாக மடித்த இன்னொரு தாள், வழவழவென்று. ஒரு பழைய காலண்டரின் மார்ச் மாதம், சிவப்பு மாட்டுக்கொட்டில் படம் போட்டது. கீழே கம்பெனியின் பெயர். நான் கெஞ்சி வாங்கி அனுப்பியதில் ஒன்று, ஆறு வருஷத்துக்கு முந்தியது. அம்மா இறந்த தேதியைச் சுற்றி அப்போதே மையில் வட்டம் போட்டிருக்கிறார். பதினாறாம் நாளுக்கும் ஒரு வட்டம். மை மங்கியிருந்தது. அதன் பின்பக்கம் புதிதாக எழுதியிருந்தார்.

"ராசு, இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன். நீ எனக்குச் சொன்னதத்தான் நான் அங்கன சொன்னேன். கம்பெனிய விட்டு பதினோரு வருசம்ங்கிற. அப்ப இந்த மாசம் ஒனக்கு லீவு குடுக்காதது யாரு?"

அவ்வளவுதான் கடிதம்.

லலிதாவிடம் கொடுத்தேன். படித்தாள். படத்தைத் திருப்பிப் பார்த்தாள். "என்ன பதில் எழுதப் போறீக?" என்று கேட்டுவிட்டு, கவிதாவின் அறைக்குப் போய், அப்பாவுக்காகப் போட்டிருந்த புதுப் படுக்கை விரிப்பை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

ஒன்பது நாளாக எழுதிப் பார்க்கிறேன். 'அன்புள்ள அப்பாவுக்கு' என்பதைத் தாண்டவில்லை. இந்தப் பத்திரிகை வாராவாரம் அந்த மண்டிக்கு வரும். சரக்கு இறங்காத நேரத்தில் அப்பா அட்டையிலிருந்து அட்டை வரை படிப்பார். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் வாசித்துக் காட்டுவார். அதனால் இங்கேயே எழுதுகிறேன். காலண்டரைப் பார்த்தவர்கள் எல்லாரும் இதையும் பார்க்கட்டும்.

அப்பா, தந்தி வந்தது சனிக்கிழமை. லலிதா பெட்டியை இறக்கி என் வேட்டியை வைத்துவிட்டாள். திங்கட்கிழமை நான் அப்போது வேலை பார்த்த இன்ஷூரன்ஸ் ஆபீஸில் பழைய மிஷினிலிருந்து புது மிஷினுக்கு எல்லாவற்றையும் மாற்றுகிற நாள். ஏஜென்ட்டுக்குப் போன் பண்ணினேன். 'தாராளமாகப் போ, உன்னை யார் தடுப்பது? திரும்பி வரும்போது உன் நாற்காலியில் வேறு ஆள் இருப்பான்' என்றான். தடுக்கவில்லை. போ என்றுதான் சொன்னான். நான் பெட்டியிலிருந்து வேட்டியை எடுத்து அலமாரியில் வைத்தேன். திங்கட்கிழமை போனேன். என் புரோகிராம் ஒரு தப்பு இல்லாமல் ஓடியது. மூன்று வாரத்தில் வேலை முடிந்தது, நன்றி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நீங்கள் மெட்ராஸில் சொன்னது பொய் இல்லை. நீங்கள் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

லீவு கொடுக்காதது நான்தான்.